நூற்றெட்டு சிட்-அப்பும் என் பால்குடமும்

என் கணவரின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

மேரு என்னும் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில், தைப்பூசத்துக்கு நாற்பது நாள் முன்பே காலைப் பயிற்சி தொடங்கிவிடும். காவடியோ பால்குடமோ எடுப்பவர்கள் விரதத்தோடு இடுப்புக்கும் வலுச் சேர்க்க வேண்டுமாம். நடத்துபவர் என் கணவரின் அண்ணன்தான். காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஒருவர் நம் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு வெடுக்கென்று எழ வேண்டும். அப்படி நூற்றெட்டு முறை. சாமி எண்ணிக்கை, குறைக்கக் கூடாது.

"வேகமா, வேகமா! முருகன் பாக்குறாரு லா!" என்று கத்துவார்.

எனக்கு அப்போது வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து எட்டு மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, எழுபதைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் என்னைத் தூக்கி காரில் ஏற்றினார்கள். தைப்பூசத்தன்று கட்டிலில் கிடந்து அழுதேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் கோயிலில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னாராம்: "விரதம் சுத்தமா இருந்தா இடுப்பு ஏன் பிடிக்குது? எங்கயோ குறை இருக்கு." அவர் மனைவியே வந்து என்னிடம் சொன்னார். அதன்பின் பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விரத நாளில் நான் முட்டை தின்றதாக ஒருத்தி கேள்விப்பட்டிருந்தாள். எந்தக் கோழி போட்டதோ அந்த முட்டை!

பிரிக்ஃபீல்ட்ஸில் பிசியோதெரபி பார்க்கும் ஓர் அக்காவிடம் போனேன். நான் செய்துகாட்டியதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

முழங்காலை மடக்கு, யாரும் காலைப் பிடிக்க வேண்டாம் என்றார். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சுப் பழம் இருப்பதாக நினைத்துக்கொள். கை கழுத்தை இழுக்கக் கூடாது. மூச்சை விட்டபடியே தோள்பட்டை மட்டும் தரையை விட்டு எழட்டும், இறங்கும்போது இன்னும் மெதுவாக. அது பழகிய பிறகுதான், பாதம் அசையாமல் முழுதாக எழ வேண்டும்.

முதல் வாரம் மூன்றுகூட முடியவில்லை. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் கணவரின் அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டேன். பக்தியைவிடப் பகை எனக்கு நன்றாக வேலை செய்தது. ஏறக்குறைய ஓராண்டு, ஒரு நாளும் விடவில்லை.

அடுத்த தைப்பூசம் நெருங்கியது. ஒரு காலை, மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள், கோயிலில் அன்று அவர் பேச்சைக் கேட்ட அதே ஆட்கள். அவர் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே போய் நின்றேன். களைப்பு என்று அவர் சாக்குச் சொல்லிவிடக் கூடாது.

"மாமா, நூத்தெட்டு வேணாம். பத்தே பத்து செய்ங்க. நான் எண்ணுறேன்."

சிரித்துக்கொண்டே படுத்தார். காலைப் பிடிக்க வந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். முழங்காலை மடக்கி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைக்கச் சொன்னேன்.

"மெதுவா மாமா. பாதம் தரையிலயே இருக்கணும்."

முதல் முறை பாதங்கள் இரண்டும் மேலே வந்தன. "இது கணக்குல இல்ல." இரண்டாம் முறை கையை வீசினார். "இதுவும் இல்ல." மூன்றாம் முறை பாதி எழுந்து, உடம்பு நடுங்கி, தொப்பென்று விழுந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பக்கத்தில் படுத்து நான் பத்தையும் செய்தேன். அவசரமே படவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டேன்:

"உங்க விரதத்துல எங்க குறை மாமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் தரையைப் பார்த்து.

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான். அப்பவும் உன் விரதத்துல குறை இல்ல. சொல்லிக் குடுத்த என் மேலதான் தப்பு."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல மாமா," என்றேன்.

சத்தமாகச் சொன்னார். இன்னொரு முறையும் சொல்லவைத்தேன்.