ஆற்றை பிள்ளை கெசாயா

புனிதவதிக்கு எரிச்சல் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அண்டைக்கு வகுப்பிலை கதிரையளை அடுக்கின விதத்திலையே விளங்கியிருக்கும், மனுசி ஆரோ ஒருத்தியை மனசுக்குள்ளை போட்டுத் துவைக்கிறா எண்டு. அந்த ஒருத்தி ஜெசிகா.

புனிதவதி டோர்செட் பார்க் எண்ட பகுதியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை ஈஏ. ரீச்சர் படிப்பிக்கேக்கை, சமாளிக்கக் கஷ்டமான பிள்ளையளுக்குப் பக்கத்திலை இருந்து பார்க்கிற வேலை. புருசன் போய்ச் சேர்ந்திட்டார். மகள் மார்க்கம் எண்ட பக்கத்து நகரத்திலை பெரிய வீடும் காருமாய் இருக்கிறாள், போன் எடுத்தால் மீற்றிங் எண்டுவாள். மிச்சம் இருந்தது கெசாயாதான்.

கெசாயா ரெண்டாம் வகுப்பு, கறுப்பினப் பிள்ளை. போன வருசம் ஒரு விடியக்காலமை பொலிஸ் கதவை உடைச்சுக்கொண்டு வந்து தமையனைப் பிடிச்சுக்கொண்டு போனது. பிறகு, ஆள் மாறிப்போச்சு எண்டு விட்டவை. தமையன் வீட்டை வந்திட்டான், பிள்ளையின்ரை பயம் போகேல்லை. கதவு அடிச்சுச் சாத்தினால் மேசைக்குக் கீழை பூந்திடும், இழுக்கப் போனால் கடிக்கும். பள்ளிக்கூடம் என்ன செய்தது? அடங்காத பிள்ளை எண்டு வீட்டை அனுப்பினது. வெள்ளைப் பிள்ளை கடிச்சால், பாவம், களைச்சுப் போச்சு எண்டுவினம். இந்தப் பிள்ளை கடிச்சால் ஆபத்து!  அப்பவெல்லாம் பிள்ளையை மடியிலை இருத்தி, முதுகைத் தடவி ஆறவைச்சது புனிதவதிதான். அதுவும், புனிதவதி எண்டு முழுப்பேர் வாயிலை வராமல், மிஸ் பீ, மிஸ் பீ எண்டு பின்னாலையே திரிஞ்சது.

அதுக்குள்ளை வந்து சேர்ந்தா இந்த ஜெசிகா. கெசாயாவின்ரை தாய் பள்ளிக்கூடத்தோடை சண்டை பிடிச்சு எடுத்த சிகிச்சைக்கு வந்தவ. பிள்ளையின்ரை நடத்தையைத் திருத்த முதல், அதுக்குப் பின்னாலை இருக்கிற பயத்தைப் பார்க்கிற முறையாம். ஜெசிகாவும் கறுப்பினப் பெட்டை, இப்பிடிப்பட்ட பிள்ளையளோடைதான் வேலை. அவவுக்கு எத்தினை சட்டம்! கேட்காமல் தொடக்கூடாதாம். வாசலை மறிச்சுக்கொண்டு நிற்கக்கூடாதாம். அடுத்ததாய் என்ன நடக்கும் எண்டு முதலே சொல்லவேணுமாம். ஏன் இப்பிடிச் செய்தனி எண்டு கேளாமல், இதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு கேட்கவேணுமாம். பிள்ளை பெத்து வளர்த்தவைக்குத் தெரியாததை நேற்று முளைச்சது படிப்பிக்குதோ எண்டு புனிதவதி மனசுக்குள்ளை பொரிஞ்சா.

உண்மை என்னெண்டால், அந்த முறை பலிச்சதுதான் அவவுக்குப் பொறுக்கேல்லை. பிள்ளை கடிக்கிறதை விட்டிட்டுது. ஜெசிகாவின்ரை சின்ன அறையிலை இருந்து அதின்ரை சிரிப்புச் சத்தம் கொரிடோர் முழுக்கக் கேட்டது. அந்த விடியக்காலமை நடந்ததைப் பற்றி மிஸ் பீக்கு ஒரு சொல் சொல்லாத பிள்ளை, ஜெசிகாவுக்குப் படம் கீறிக் காட்டினதாம். ஒருநாள் தன்ரை பின்னலையும் ஜெசிகாவின்ரை பின்னலையும் பக்கத்திலை வைச்சு, பாருங்கோ மிஸ் பீ, ஒரே மாதிரி எண்டு காட்டினது. புனிதவதி சிரிச்சா. பிறகு வோஷ்றூமுக்குள்ளை போய்க் கண்ணைத் துடைச்சா.

அண்டைக்கு இடைவேளை முடிஞ்சு கூப்பிடப் போனால், ஜெசிகாவின்ரை அறையிலை பிள்ளை தனிய இருந்து கீறிக்கொண்டிருக்குது. ஜெசிகா எங்கையோ பேப்பர் எடுக்கப் போயிருந்தா. வா எண்டால் வரமாட்டுது. ஜெசிகா வரட்டும் எண்டுது. ஜெசிகா, ஜெசிகா! புனிதவதி வாசலிலை நிண்டபடி, மகளுக்குச் சோறு தீத்தேக்கை சொன்ன அதே பகிடியை இங்கிலீசிலை எடுத்துவிட்டா.

"இப்ப வராட்டில் பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகும்."

எங்கடை சனத்திலை இதைச் சொல்லாத தாய் ஆர்? சொல்லி முடியேக்கை பிள்ளை மேசைக்குக் கீழை. அழுகையும் இல்லை, சத்தமும் இல்லை. சொன்னது என்னெண்டு அப்பதான் புனிதவதிக்கு உறைச்சது.

ஜெசிகா திரும்பி வந்தா, பார்த்தா, நிலத்திலை இருந்தா. இதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு புனிதவதியைத்தான் கேட்டா. ஒண்டுமில்லை, சும்மா கூப்பிட்டனான் எண்டா புனிதவதி. அந்தப் பதட்டத்துக்குள்ளையும் மனசின்ரை ஒரு மூலை சொன்னது, இப்ப காட்டு பார்ப்பம் உன்ரை வித்தையை எண்டு.

அப்ப மேசைக்குக் கீழையிருந்து மெல்லமாய் ஒரு குரல்.

"மிஸ் பீயை உள்ளை எடுத்திட்டுக் கதவைப் பூட்டுங்கோ. பொலிஸ் வருகுதாம். அவவையும் பிடிச்சுப்போடும்."

ஜெசிகா புனிதவதியை நிமிர்ந்து பார்த்தா.   புனிதவதி வாசலை விட்டு விலகி, எட்டத்திலை நிலத்திலை இருந்தா.

"பொலிஸ் வரேல்லை, பிள்ளை. நான் பொய் சொன்னனான். நீ ஜெசிகாவோடை சேர்ந்தது எனக்குப் பிடிக்கேல்லை. அது என்ரை பிழை, உன்ரை இல்லை."

 கெசாயா ஊர்ந்து வெளியிலை வந்து, ஜெசிகாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வகுப்புக்குப் போனது. திரும்பிப் பார்க்கேல்லை.

புனிதவதி நிலத்திலையே இருந்தா. பிடிச்சுக்கொண்டு போகப் பிள்ளைக்கு ஒரு கையாவது மிஞ்சியிருக்குதே எண்டு நினைக்க, அவவுக்கு நிம்மதியாய் இருந்தது. அந்தக் கை தன்ரை இல்லையே எண்ட எரிச்சலும் இருந்ததுதான், அதை ஏன் மறைப்பான்.