ஓடிப்போன குதிரை

நேற்று நீங்கள் இரு கண்ணையும் வைத்துப் பார்க்கிற இரட்டைக் கண்ணாடிப் பெட்டியில் படம் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, கண்ணுகளா.

ரோஸ் பெல் ஊரில் நான் சின்ன வயதில் படித்த பள்ளிக்கும் வாத்தியார் அப்படியொரு பெட்டி கொண்டுவந்தார். இரு கண்ணுக்கும் ஒரே காட்சியைத்தான் வைக்க வேண்டும். அவரோ தவறுதலாக ஒரு பக்கம் கப்பலையும் மறுபக்கம் குதிரையையும் செருகிவிட்டார்.

முதலில் பார்த்தவள் என் அக்கா காமாட்சி. வாத்தியாரை நாங்கள் ‘மிஸ்யே’ என்றுதான் கூப்பிடுவோம். “மிஸ்யே, கப்பல்! ஐயோ, போயிடுச்சு, குதிரை! திரும்பவும் கப்பல்!”

“மாந்தேர்! பொய்க்காரி! அட்டையில் ஒட்டின படம் ஓடுமா?” என்று வாத்தியார் கத்தினார்.

“அம்மா சத்தியமா மாறி மாறி வருது, மிஸ்யே.”

அவளை வெயிலில் முட்டி போடவைத்தார். “உன் குதிரை கரும்பு தின்னப் போச்சாடி?” என்று வகுப்பே சிரித்தது.

பிறகு வாத்தியாரே பெட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சத்தமில்லாமல் சரியான படத்தை மாற்றிச் செருகினார். இரு கண்ணுக்கு இரு படம் காட்டினால் யாருக்கும் மாறி மாறித்தான் தெரியும், அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் “எழுந்திரு” என்று அக்காவிடம் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை அவள் வெயிலிலேயே இருந்தாள்.

நீங்களும் ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம் என்று போட்டுப் பாருங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். இந்த வீட்டில் அதற்காக யாரும் முட்டி போட வேண்டாம்.