சாக்பீஸில் நான் போட்ட பெருக்கல் குறி

நன்றாக இருந்த ஓர் இழைப்புளியைக் கெட்டுப்போனது என்று சொன்னேன். அது கிடைத்தால்தான் தொழிலில் நீடிக்க முடியும் என்றிருந்த ஒரு மனிதரின் கையிலிருந்து, அந்தப் பொய்யைச் சொல்லித்தான் அதை வாங்கினேன். ஆறு வருடங்களாக அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை... அவ்வளவுதான். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதே எனக்கு வசதியாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு மில்லோ பட்டறையோ மூடப்பட்டால், அங்கிருந்த கைக்கருவிகள் சாக்குமூட்டையாக உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேரும். அவற்றைத் தேடி எடுப்பவர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு காலை, சிங்காநல்லூரில் ஓர் உறுப்பினரின் குடோனில் கூடுவோம். கிடைத்ததைத் தார்ப்பாயில் பரப்பி, டீயும் போண்டாவுமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலைக்கு ஆகும் கருவி என்றால், அதை வைத்துப் பிழைக்கிறவருக்குத்தான் முதலில். வேலைக்கு ஆகாதது மட்டுமே எங்களைப்போல் சேர்த்துவைத்து அழகு பார்ப்பவர்களுக்கு. எது ஆகும், எது ஆகாது என்று சோதித்துச் சொல்வது நான். முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருந்தவன் என்பதால் அந்த மரியாதை. ஆகும் என்றால் சாக்பீஸில் ஒரு டிக், ஆகாது என்றால் ஒரு பெருக்கல் குறி. நான் குறி போட்ட பொருளை இன்னொருவர் திருகிப் பார்ப்பது என்னை அவமதிப்பதாகும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மரியதாஸ் போத்தனூர்க்காரர். பம்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்வார்களே, அந்தப் பேட்டர்ன் வேலை செய்பவர். கணபதிப் பக்கத்துச் சின்னச் சின்ன ஃபவுண்டரிகள் தங்கள் பழைய பேட்டர்ன்களைச் சீர்செய்ய அவரிடம்தான் கொடுக்கும். வருடக்கணக்கில் மெஷின் பிடித்ததில் அவர் விரல்கள் வெளுத்து மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. அதிரும் மெஷினை இனித் தொடக்கூடாது, கைக்கருவி என்றால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் எங்களிடம் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று... வளைவு இழைப்புளி.

அதன் அடிப்பாகம் மெல்லிய எஃகுத் தகடு. மேலே இருக்கும் திருகாணியைத் திருகினால் தகடு உள்ளே குழியும், அல்லது வெளியே வளையும். பம்பின் வயிற்றைப் போன்ற வளைவுகளை அதில்தான் கையால் இழைக்க முடியும். எளிதில் கண்ணில் படாத பொருள். நானே இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அது வந்தது! மூடிய ஒரு மில்லின் மூட்டையிலிருந்து எடுத்து மரியதாஸ் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அவர் முறைப்படி அதை என்னிடம் நீட்டினார்.

திருகினேன். திருகாணி அசையவில்லை. மரை தேய்ந்திருந்தால் அது பிடிப்பில்லாமல் சுற்றும். இது இறுகி நின்றது. பழைய கிரீஸ் காய்ந்து பிடித்திருக்கிறது, இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறினால் பூப்போலத் திரும்பும் என்பது என் விரலுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

"மரை போயிருச்சுங்க மரியதாஸ். இது ஷோவுக்குத்தான் ஆகும்" என்றேன்.

"அப்படிங்களா சார்... நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க" என்றார். ஒருமுறை அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நான் குறி போட்டேன். அழகு பார்ப்பவர்களில் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது கை தூக்கியதும் நான்தான்.

வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? அன்று இல்லை. வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் திருகாணி திரும்பியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் மரியதாஸ் போன் செய்தார். "ஏனுங்க சார், தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. வேற எங்கியாச்சும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குங்களா? ஒரு பெரிய வேல வந்திருக்குதுங்க. முடியாதுன்னு சொன்னா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

நான் பேசிக்கொண்டிருந்த நாற்காலிக்கு எதிரேதான் அலமாரி. எண்ணெய் பூசி, கண்ணாடிக்குப் பின்னால், பளபளவென்று இருந்தது அது. கெட்டுப்போனதை நானே சரிசெய்துவிட்டேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் பொய்கூட வெளியே வந்திருக்காது! அதையும் சொல்லவில்லை.

"விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

"போன்ல யாருங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் என் மனைவி.

"யாருமில்ல, சங்கத்துக்காரர்."

ஒரு நல்ல மனிதரை யாருமில்லை ஆக்கிவிட்டேன். அவர் அந்த வேலையை மெஷினிலேயே முடித்துக்கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அதற்கடுத்த வேலையையும் மெஷினில்தான். இரண்டு வருடத்தில் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

என் பொய்யினால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும், விரல் எப்படியும் போயிருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். ஒருமுறையும் நான் ஜெயித்ததில்லை. களைத்துப் போய்விட்டேன்.

போன மாதக் கூட்டத்துக்கு மரியதாஸ் தன் கருவிப்பெட்டியோடு வந்தார். அவர் வருகிறார் என்று முன்பே தெரியும். இழைப்புளியைச் செய்தித்தாளில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துத்தான் கிளம்பியிருந்தேன். எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிடுவது என்று...

"எனக்கு இனி ஆகாதுங்க. வேல செய்யறவங்களுக்குப் போகட்டும். சார் பாத்துக் குறி போட்டுக் குடுங்க" என்று பெட்டியை என் முன்னால் வைத்தார். உளிகள், அளவுகோல்கள், இழைப்புளிகள்... ஒன்றில்கூடத் துரு இல்லை. வலது கையால் அவருக்கு எதையும் பிடிக்க முடியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிடிக்க முடியாதவரிடம் போய் இழைப்புளியை நீட்டுவதா? அது அவருக்காகவா, எனக்காகவா? நான் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், எங்கள் வழக்கம் தெரியாமல், நான் குறி போட்டு வைத்த ஓர் உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அதைப் பாக்கவேண்டாமுங்க" என்றார் மரியதாஸ், மெதுவாக. "சார் பாத்துட்டாரு. ஒரு தடவ எனக்கு ரொம்ப வேண்டியிருந்த பொருளக்கூட ஆகாதுன்னு மொகத்துக்கு நேராச் சொன்னவருங்க. நம்ம மனசு நோகுமேன்னு பொய் சொல்ற ஆளில்ல."

எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்த உளியை நீட்டியபடி அவர் காத்திருந்தார். நான் வாங்கி, கூர் பார்த்து, டிக் போட்டேன்.