டிஸ்க்குக்கு வச்ச சந்தனப் பொட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வேலையில் பாதி மல்லுக்கட்டு ஈரத்தோடுதான். அரியலூரில் அப்படி ஒரு கடையில் கூட்டித் துடைக்கவும், வருகிற பொருளுக்குச் சீட்டு ஒட்டவும் இருக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருவேன். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். கடையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

சில்லென்று வந்தது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நல்ல மழை. உடையார்பாளையத்து ஸ்டுடியோக்காரர் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். ஒரு கல்யாணப் படம் முழுக்க அதில்தான்; வேறு காப்பி இல்லை. சூடாகிறதே என்று ஃப்ரிட்ஜில் வைத்தாராம். எடுத்ததும் கம்ப்யூட்டரில் மாட்டினால் கிர்ரென்று சத்தம். பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டார்.

உள்ளே தட்டு சுற்றும், அதை ஒட்டினாற்போல், ஆனால் தொடாமல், ஒரு முனை மிதக்கும், சில்லென்று இருந்ததில் மழைக்காற்று பட்டு ஈரம் பூத்திருக்கும், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று முதலாளி அண்ணன் விளக்கினார். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்ட டப்பாவில் வைத்து மூடினார். ஸ்டுடியோக்காரருக்கு மனசு ஆறவில்லை.

"கத்திரிக்காயே ஒரு வாரம் தாங்குதுங்க, இரும்பு தாங்காதா?"

பொட்டு

மறுநாள் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் அண்ணன். ஸ்குரூ டிரைவர், ஃபேன், மேசை என்று வைத்துக்கொண்டே வந்தேன். டப்பாவில் இருப்பதை மட்டும் விடுவானேன் என்று திறந்தேன். டிஸ்க்கின் மேலே குட்டியாக ஒரு ஓட்டை, பொட்டுக்கென்றே இடம் விட்ட மாதிரி. அதன்மேல் அழுத்தி வைத்தேன். பக்கத்தில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. மூடாதே என்றுதான் எழுதியிருந்ததாம்.

விஜயதசமியன்று டப்பாவைத் திறந்த அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு அதாம்மா மூக்கு. மூக்குல போயி ஈரச் சந்தனத்த அப்பியிருக்கியே."

ராசி

காய்ந்த பஞ்சால் மெல்லத் தொட்டேன். பொட்டு காய்ந்து வில்லையாகக் கழன்று வந்தது. புதுப் பொட்டலங்கள் போட்டு, இன்னும் மூன்று நாள் மூடி வைத்தோம். ஸ்டுடியோக்காரர் வந்ததும், நீயே சொல்லிடு என்றார் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். பொண்ணு வீட்டில் தினமும் போன் பண்ணுகிறார்களாம்.

அண்ணன் மாட்டினார். சத்தமே இல்லை. எனக்கு உசுரே போய்விட்டது. அப்புறம் பார்த்தால் திரையில் மாலையும் கழுத்துமாகப் பொண்ணு சிரிக்கிறாள். சத்தம் இல்லாததுதான் நல்ல சேதியாம். இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு கிளம்பினவர் வாசலில் திரும்பினார்.

"இன்னொரு டிஸ்க்கும் மக்கர் பண்ணுதும்மா. அதுக்கும் ஒரு பொட்டு வச்சி வுடேன்."

இப்போது ஈரம் உறிஞ்சும் டப்பா முழுக்க என் பொறுப்பு. பூஜையன்று சந்தனக் கிண்ணம் மட்டும் அண்ணன் கையில்.