கிணற்றுக்கு எந்தப் பக்கம்

எங்கள் ஊரில் ஆறு இல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கிடக்கிற கடலைத்தான் வெளியூர்க்காரர் ஆறு என்று நினைத்துவிடுவார்கள். அக்கரையில் பஸ் வந்து நிற்பது இக்கரையில் நிற்பவருக்குத் தெரியும்; அவ்வளவு ஒடுக்கம். அந்தக் கரையோரம் பட்டினத்தின் வால் மாதிரி நீண்டு கிடக்கிற குடியிருப்புத்தான் துறையடி. நான் பிறந்த வளவு அங்கேதான். பிறந்த அதே வளவில்தான் இப்போதும் குடியிருக்கிறேன் என்று போன வருடம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாள் மலருக்குத் துறையடியின் வரலாற்றை எழுதித் தரும்படி பங்குச் சபை ஆட்கள் என்னைக் கேட்டார்கள். கூடவே பழைய துறையடியின் படம் ஒன்றும் கீற வேண்டும். எந்த வீடு எங்கே இருந்தது, எந்த ஒழுங்கை எங்கே போனது, எல்லாம் அதில் வரவேண்டுமாம். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். திசை பிழைக்கிற பிள்ளைகளைப் போட்டு வறுக்கிறவன். இதென்ன பெரிய வேலை என்று தலையை ஆட்டிவிட்டேன்.

இறங்கிய பிறகுதான் தலை சுற்றத் தொடங்கியது. இறங்குதுறையைக் கட்டியது ஒல்லாந்தர் என்றார் ஒருவர். இல்லை, அதற்கு முந்திய போர்த்துக்கேயப் பறங்கியர் என்றார் அவருடைய சொந்தத் தம்பி. இங்கிருந்து பாய்க்கப்பல் ஓடாத தேசமே இல்லை என்று சிலர். அதெல்லாம் வேறு துறைகளின் கதை, இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்று வேறு சிலர். பழைய சுங்கக் கந்தோர்க் கட்டடம் இருந்த இடத்தை மூன்று பேர் மூன்று திசையில் காட்டினார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யுத்தத்தால் சனம் இருபது வருடம் ஊரில் இல்லை என்பதற்காக ஒரு கந்தோர் எழும்பி நடக்குமா? மறதிக்காரக் கூட்டம் என்று மனைவியிடம் திட்டித் தீர்த்தேன்.

எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். துறையடியில் நல்ல தண்ணீர் அரிது; ஆகவே கிணறுகள் பங்குக் கிணறுகள். இரண்டு காணிக்கு ஒரு கிணறு, அதுவும் எல்லையில். வேலி கிணற்றுக்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிடும். கிணற்றுக்கு மறுபுறம் மீண்டும் தொடங்கும். இந்த வீட்டார் இந்தப் பக்கம் நின்று அள்ளுவார்கள், அந்த வீட்டார் அந்தப் பக்கம் நின்று அள்ளுவார்கள். சண்டையில் பேச்சு முறிந்தாலும் கிணற்றுப் பங்கை ஒருவரும் மறுப்பதில்லை.

எங்கள் கிணற்றின் மற்றப் பங்கு ஒரு மாமிக்கு. எங்களுக்கு உறவில்லை, பக்கத்துக் காணிக்காரி. நாரந்தனையில் மகள் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, குடிக்க இரண்டு போத்தல் தண்ணீர் அள்ளி, என் மனைவி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். கிணற்றுக்கு அங்கால், கடல் பக்கமாக இருக்கிற அவருடைய காணி பற்றை மண்டிப் போச்சே என்று நான் பல நாள் இரக்கப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. திரும்பியபோது முப்பது. அப்பா இல்லை. காணி உறுதிப் பத்திரம் அலைச்சலில் எங்கேயோ தொலைந்துவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் கண் பார்வை போய்விட்டது. ஊரில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது. கிணறுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. திரும்பிய எல்லோரும் கிணற்றை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறு. அதன் கட்டில் சிலுவை ஒன்று பதித்திருக்கும். இவ்வளவும் எனக்கு நல்ல ஞாபகம். தெருவிலிருந்து பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு வெறுங்காணி, அதற்குப் பின்னால் சிலுவை பதித்த கிணறு. சந்தேகத்துக்கு என்ன இடம்? அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். கட்டைத் தடவிக்கொண்டு போன விரல் சிலுவையில் பட்டதும் அழத் தொடங்கிவிட்டார். எங்களுடைய கிணறுதான் என்றார். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. அந்தக் காணியிலேயே கட்டினோம். அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார்.

கீறி முடித்த படத்தோடு சம்மாட்டியார் ஒருவரிடம் போனேன். சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். அப்பா அவரிடம்தான் தொழில் செய்தார். மன்னாரிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள்தான். படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதென்ன தம்பி, உங்கட வீட்டைத் தெருப்பக்கம் கீறியிருக்கிறீர்? கொப்பர் விறாந்தையில இருந்துகொண்டு என்ர வள்ளம் வாறதைப் பாக்கிறவர். உதில இருந்து என்னத்தைப் பாக்கிறது?"

வயது போன மனிசன், பிசகிப் போச்சு என்று நினைத்தேன். அவரோ விடவில்லை. துறையடிக்கு அந்த நாளில் இரண்டு ஒழுங்கைகளாம். ஒன்று இன்றைய தெரு. மற்றது கடற்கரையோடு போனது. அதைத் தாழையும் கடலும் தின்றுவிட்டன. தெரு வீடுகள் தெருவைப் பார்த்தன, கரை வீடுகள் கடலைப் பார்த்தன. முதுகோடு முதுகாக நின்ற வீடுகளுக்கு நடுவில் கிணறு. அப்படியென்றால் கிணறு இரண்டு வீட்டுக்கும் பின்னால்தான். நான் தெருவால் வந்து மற்றப் பங்குக்காரியான மாமியின் காணியைப் பிடித்துவிட்டேன். அதை நான் வாங்கிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம்.

நம்ப மனம் வரவில்லை. கனடாவில் இருக்கும் அக்காவிடம் பழைய படம் ஏதாவது கேட்டேன். அவள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தை அனுப்பினாள். வெள்ளைச் சட்டையோடு எங்கள் வாசல் படலையடியில் நிற்கிறாள்; அவளுக்குப் பின்னால் கடல், கடலுக்குள் கோட்டை. என் வீட்டுப் படலையில் அப்படி ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் பின்னால் விழுவது தெருவும் கரண்டுக் கம்பமும்தான்.

கிணற்றைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனேன். பன்னிரண்டு வருடமாக நான் குப்பை கொளுத்திவந்த இடம். சாம்பலை மண்வெட்டியால் இழுத்தபோது ஒரு படிக்கட்டு வந்தது. அப்பா இருந்து வள்ளம் பார்த்த விறாந்தையின் படி. அதிலேயே குந்திவிட்டேன். அம்மா சாகும்வரை தன் கதிரையைப் பின்பக்கம் திருப்பிப் போடச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடல் பின்னால் கேட்கிறது, முன்னால்தானே கேட்க வேணும் என்பார். வயது போனால் அப்படித்தான் என்று நான் மறுபடி மறுபடி தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

அந்தக் கிழமை முழுதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போது யாரோ ஒருவருடைய வளவில் களவாக நடப்பது போல இருந்தது. எழுந்து போ என்று மாமி சொன்னால் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? சொல்லாமல் விட்டால் என்ன என்றும் ஒருமுறை நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன பயன்.

சனிக்கிழமை மாமி வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டு நின்றபோது சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை விடவில்லை. தண்ணீரை அள்ளிப் போத்தலில் ஊற்றி மூடிய பிறகுதான் வாய் திறந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. கொம்மா கட்டைப் பிடிச்சு அழேக்க நான் தெருவில நிண்டனான். அழுது முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு போயிட்டன். அடுத்த முறை வரேக்க அத்திவாரம் வெட்டியிருந்தீங்கள். அதுக்கடுத்த முறை கூரை. கொம்மா இருக்குமட்டும் சொல்லுறேல்லை எண்டு இருந்தன். அவ போன பிறகு பாத்தா, உம்மட பிள்ளையள் முத்தத்தில விளையாடுதுகள்."

இவ்வளவு காலமும் அவர் மருமகன் வீட்டுச் சமையல் குசினியோடு ஒட்டிய ஒரு சாய்ப்பில் படுத்திருக்கிறார். ஊரில் ஒரு துண்டுக் காணிகூட இல்லையா என்று மருமகன் கேட்கும்போதெல்லாம், கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. காணியை அவருடைய பெயருக்கே எழுதி, வீட்டையும் விட்டுவிடுகிறோம் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"முழு வீட்டை வைச்சு நான் தனிய என்ன செய்யிறது? என்ர குசினி இருந்த இடத்தில இப்ப ஒரு அறை இருக்கு. அதில கிடக்க விடுவீரோ?"

அது நான் இருந்து வரலாறு எழுதுகிற அறை. நான் வாய் திறக்க முந்தியே மனைவி போய் என் மேசையை வெளியே இழுக்கத் தொடங்கிவிட்டாள். உறுதி எழுதுவது பற்றிக் கேட்க நொத்தாரிசிடம் போனேன். யாருடைய காணி, யாருடைய வீடு என்று அவர் என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் பிழையாகச் சொன்னேன்.

போன கிழமை மருமகனின் ஓட்டோவில் ஒரு சூட்கேசோடு மாமி வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வரலாமோ தம்பி?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டியது. வாங்கோ என்று சொல்ல நான் யார் என்று தெரியவில்லை. வழிவிட்டு முற்றத்தில் இறங்கி நின்றேன்.