சாவியைக் கொடுத்தது நான் என்று சொன்ன லதா

செவ்வாய்க்கிழமை மதியம், சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். லதாவின் கணவர் சேகரிடமிருந்து குரல்செய்தி வந்தது.

“மாரி, லதா போயிட்டா. காலையில டயாலிசிஸுக்குக் கிளம்பிட்டு இருந்தா. செருப்பு மாட்டணும்னு நாற்காலியில உக்காந்தா. அவ்வளவுதான். நீ லீவு சொல்லிட்டு வா. வேகமா ஓட்டிட்டு வராத. அவளுக்குப் பிடிக்காது.”

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மனைவி இறந்த சில மணி நேரத்தில் ஒருவர் இதைச் சொல்கிறார் என்றால், அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்ந்திருப்பாள் என்று உங்களுக்கே புரியும். எங்கள் மலேசியப் பக்கத்தில், ஜொகூரின் உலு திராமில் அவளுடைய பட்டறைக்கு வந்து போனவர்கள்தான் இதைப் பெரும்பாலும் படிப்பீர்கள். புஷ்பலதா என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்கு இரங்கல் அறிவிப்பைப் பார்த்தபிறகுதான் தெரிந்திருக்கும். அஞ்சலி எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் பாலோ தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை என்னால் அப்படி எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கப்பல் எஞ்சின்களின் டர்போவைப் பிரித்துச் சரிசெய்யும் ஓரிடத்தில் லதா பதினொரு வருடம் வேலை செய்தாள். கடல் நடுவில் எஞ்சின் நின்றால் பக்கத்தில் பட்டறை கிடையாது என்பதால் அங்கே ஒவ்வொரு திருகையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்களாம். அந்தப் பழக்கத்தோடுதான் அவள் ஊருக்குத் திரும்பி, கார் பட்டறை திறந்தாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாதனம். அந்த அழுத்தத்தைக் கூட்டினால் சாதாரணக் காரும் பாயும். ஜொகூரில் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டிய பிறகும் அந்தக் கார் ஒழுங்காக ஓட வேண்டும் என்று கவலைப்பட்டவர்கள் குறைவு.

என் காரை முதன்முதலாக அவளிடம் கொண்டுபோன நாளில், எத்தனை குதிரைத்திறன் ஏற்றலாம் என்று கேட்டேன். அவள் பதிலுக்கு, “திங்கக்கிழமை வேலைக்கு எதுல போவ?” என்று கேட்டாள்.

“இதுலதான்.”

“அப்ப திங்கக்கிழமைக்கு ஏத்த மாதிரி செய்யறேன். ஒரு தடவ பாய்றதுக்கு எந்தக் காரும் பாயும்லா. மறுநாள் காலையில ஸ்டார்ட் ஆகுதான்னு பாரு.”

அன்று நான் சிரித்தேன். இரண்டு வருடம் கழித்து நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு இது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தவர்கள் சிலர்தான், அதில் ஒருத்தி இப்போது இல்லை.

ஒரு சனிக்கிழமை, எண்ணெய் மாற்றக் காரை விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயைக் கையால் தொட்டுக் காட்டினாள். புகைபோக்கியின் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடி ஓடி அதன் மேலுறை வெடித்திருந்தது.

“புதுக் குழாய் புதன்கிழமை வரும். அதுவரைக்கும் காரு இங்கயே இருக்கட்டும்.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தேன். “நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும் லதா. மெதுவாப் போறேன்.”

அவள் யோசித்தாள். பிறகு பட்டறைப் புத்தகத்தில், ‘எண்ணெய்க் குழாய் பழுது. மாற்றும் வரை வேகம் கூடாது’ என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். சாவியைக் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை நான்கு மணி இருக்கும். கல்யாணம் முடிந்து கோத்தா திங்கி சாலையில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டியவன் என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை இரண்டு முறை உறுமவிட்டான். அவனை எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பட்டு வேட்டி கட்டியிருந்தேன். பச்சை விழுந்ததும் மிதித்தேன்.

முதலில் நான்தான் முந்தினேன். அந்தச் சந்தோஷம் எத்தனை விநாடி நீடித்தது என்று என்னால் சொல்ல முடியும். ஆறு, ஏழு இருக்கும். பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம், கண்ணாடியில் வெள்ளைப் புகை. குழாய் கிழிந்து எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டியிருந்தது. ஓரம் கட்டி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் அந்த எண்ணெயில் வழுக்கி, ஓட்டியவரையும் தடுப்புக் கம்பி வரை இழுத்துக்கொண்டு போனது. வெள்ளைக் கார் நிற்கவே இல்லை.

விழுந்தவர் பெயர் ரஹிம். ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. ஐம்பத்தாறு வயது. முட்டி உடைந்து, தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, “போய்க்கொண்டே இருந்தேன், குழாய் கிழிந்துவிட்டது, பட்டறையிலிருந்து நேற்றுதான் எடுத்தேன்” என்றேன். மூன்றுமே உண்மைதான். மூன்றையும் சேர்த்தால் பொய்.

அந்தப் பொய் ஒரே நாளில் ஊர் சுற்றியது. கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், பெண்பிள்ளை செய்த வேலை இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதினார். அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களும் உண்டு. உங்களில் அப்படிப் போட்ட சிலரும் அவளுடைய அடக்கத்தன்று மயானத்துக்கு வந்திருந்தீர்கள். நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் குழுவில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு சும்மா இருந்தவன்தான். பந்தயம் ஓட்டினேன் என்று சொன்னால் வழக்கு, உரிமம் போகும், வேலைக்கும் ஆபத்து வரலாம். இப்படி ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். ஒன்பது நாள் போயிற்று.

பத்தாவது நாள் சாயங்காலம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

“என்ன வேகத்துல போன?”

நான் வாசல் விளக்கைப் போடத் திரும்பினேன்.

“எனக்குத் தெரியும்டா. மெதுவா ஓட்டினா அந்தக் குழாய் புதன்கிழமை வரைக்கும் தாங்கியிருக்கும். யாரோட ஓட்டின?”

“தெரியாது. சிக்னல்ல வந்தான்.”

“பேரு கூடத் தெரியாத ஒருத்தனுக்காகவா?”

“புத்தகத்துல என் கையெழுத்து இருக்குல்ல, நீ ஏன் அதப் போலீஸ்ல காட்டல?” என்று கேட்டேன். காட்டியிருந்தால் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் காட்ட மாட்டேன். அதுக்குள்ள நீ போய்ச் சொல்லணும். நானா காட்டி நீ மாட்டினா, உன் புள்ளைங்க ஆயுசுக்கும் அதத்தான் கேக்கும். நீயா சொன்னா அது வேற.” வாசல்படியில் இறங்கியவள் திரும்பினாள். “நாளைக்கு அப்புறம் காட்டிடுவேன் மாரி. என் பட்டறைய நான் விட மாட்டேன்.”

மறுநாள் காலை நான் போலீஸ் நிலையம் போனபோது அவள் வெளியே மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். என்னோடு உள்ளே வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோதும் அங்கேயே இருந்தாள். வெயில் நகர்ந்து அவள் மேல் முழுதாக விழுந்திருந்தது.

“எல்லாம் சொன்னியா?”

“சொன்னேன்.”

“ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

ரஹிமின் படுக்கை அருகில் அவர் மனைவியும் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் முடித்ததும் வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் லதா முன்னால் வந்து, மாமா என்ற பொருளில் அவரை ‘பாக் சிக்’ என்று அழைத்து மலாயில் பேசினாள். அவள் சொன்னது இதுதான்: “பாக் சிக், அந்தக் குழாய் பழுது என்று எனக்கு முதல் நாளே தெரியும். கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைத்துவிட்டேன். சாவியைக் கொடுத்தது நான்.”

அதை அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சட்டப்படி அவள் பக்கம் எழுத்து இருந்தது, நானும் ஒப்புக்கொண்டாயிற்று. ரஹிம் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, “இனிமேல் கொடுக்காதே” என்றார்.

இரண்டே வார்த்தை. அதை அவள் சட்டமாக எடுத்துக்கொண்டாள். பட்டறைச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழுது என்று தெரிந்த காரின் சாவி அதற்குள் போய்விடும். கத்தியவர்கள் உண்டு, போலீஸைக் கூப்பிடுவேன் என்றவர்கள் உண்டு. “கூப்பிடுங்க, நானும் அவங்ககிட்டத்தான் சொல்லணும்னு இருக்கேன்” என்பாள். அந்த வருடம் பாதி வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைகளுக்குப் போனார்கள். அவள் பெட்டியைக் கழற்றவில்லை. அடுத்த வருடம் சிலர் திரும்பி வந்தார்கள், பெரும்பாலும் கார் ஏற்றும் லாரியில்.

எனக்கு அபராதமும் இரண்டு வருட உரிமத் தடையும் கிடைத்தன. லதா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது அவளுடைய சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“உன் காரு சும்மாதானே நிக்குது? நான் எடுத்துக்கறேன். மருந்துக்குப் போய்வர ஒரு காரு வேணும்.”

“அதா? வேற நல்ல கார் பாரு லதா. அது பழி விழுந்த காரு.”

“காருக்கு என்னடா பழி? நாம ரெண்டு பேரும் செஞ்சது. அனுப்பு.”

எஞ்சினை முழுவதும் பிரித்தாள். டர்போவை எடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், எடுக்கவில்லை. கூட்டிய அழுத்தமும் அப்படியே இருந்தது. சூட்டுத் தடுப்பு போட்டாள், குழாய்களை வேறு வழியில் கொண்டுபோனாள், எண்ணெயைக் குளிரவைக்க ஒரு சாதனம் பொருத்தினாள். கப்பலில் செய்வதுபோல ஒவ்வொரு திருகையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று சேகரை நிற்க வைத்தாள். அவர் பள்ளிப்பேருந்து ஓட்டுநர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. “தெரியாட்டி என்ன, நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்றாளாம்.

மாற்றியமைத்த டர்போ கார் என்றால் நம்ப முடியாது என்று சொல்பவர்களுக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. ஐந்து வருடம் அந்தக் காரில்தான் டயாலிசிஸுக்குப் போனாள். போகாவிட்டால் உடம்பில் நஞ்சு ஏறும் என்ற நிலையில், அதைத் தவிர வேறு காரில் ஏற மறுத்தாள். ஒரு நாள்கூட அது நிற்கவில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை நான் துணைக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணிக்கு, உலு திராம் விளக்கில், கீழே தாழ்த்திய நீலக் கார் ஒன்று பக்கத்தில் வந்து உறுமியது. ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கும், சீனர். கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

“ரேஸ் ஆ, ஆண்ட்டி?”

லதாவும் கண்ணாடியை இறக்கினாள். பதில் சொல்லாமல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மலாயில், “உன் எஞ்சின்ல விசில் அடிக்குது. காத்துக் குழாய் எங்கயோ லூஸ். ஓரமா நிறுத்து” என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவர் உண்மையிலேயே நிறுத்திவிட்டார். கையில் டயாலிசிஸ் ஊசிக்கான வீங்கிய நரம்போடு, அவருடைய காரின் முன்பக்கம் குனிந்து, ஒரு கவ்வியை இறுக்கினாள். மையத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனோம். தாதி திட்டினார். “சாலையில எண்ணெய் கொட்டுறதுக்கு இது பரவால்ல சிஸ்டர்” என்றாள். அது எண்ணெய்க் குழாயே அல்ல, காற்றுக் குழாய். நான் திருத்தவில்லை.

அடக்கத்துக்கு ரஹிம் வந்திருந்தார், தடியூன்றி, மனைவியோடு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. காரைச் சேகர் விற்கப்போவதில்லை. அவளோடு டயாலிசிஸ் செய்த இரண்டு பேரை, பேருந்து வேலைக்கு நடுவில், அதிலேயே கொண்டுபோய் விடுகிறார்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், தொழிற்சாலையில் நான் ஓர் இயந்திரத்தைத் தவறான அளவில் வைத்துவிட்டேன். நூற்றுக்கணக்கான பாகங்கள் ஓடிய பிறகுதான் கவனித்தேன். அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. அளவைச் சரிசெய்து வைத்துவிட்டு, முந்திய ஷிப்ட் மேல் பழி விழட்டும் என்று விட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இயந்திரத்தை நிறுத்தினேன். மேற்பார்வையாளரின் அறைக்கு நடந்து போய், “என் தப்பு, நான்தான் வைத்தேன்” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

“இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

அன்று போலீஸிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஐந்து நிமிடம்தான்.