எனக்கு வந்த பஸ் பயம்

எனக்குப் பஸ் என்றால் பயம் என்று ஒரு காலத்தில் எங்கள் மலையூரான ஒண்டிக்கடை முழுக்கப் பேச்சு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவின் டீக்கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். கண்டக்டரிடம் விசிலை வாங்கி ஊதி, அவரையே காதைப் பொத்திக்கொள்ள வைத்தவள் நான். எனக்கா பயம்? இந்தப் புரளியைக் கிளப்பியது வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற அம்மாதான்.

அந்த வருஷம் ஆடிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவின் தங்கை, சேலத்தில் புதிதாகக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் அனுப்பிவிட வேண்டும். ஆவணி வந்து போனது, புரட்டாசியும் பிறந்துவிட்டது, அத்தை போகவில்லை. எங்களை விட்டுப் பிரிய அவளுக்கு மனசில்லை என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். டீ குடிக்க வந்தவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். "மாமியா ஊட்டுல என்ன கொடுமையோ, புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது." சேலத்திலோ, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஐப்பசிக்குள் வராவிட்டால் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரமாட்டார், அப்புறம் எப்போதுமே வரமாட்டார் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். மாமா வராவிட்டால் பட்டாசு வராதே என்பதுதான் என் கவலை.

விஷயம் என்ன என்பதை நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். ஆடியில் மலையேறி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுபோய்ப் பின்னால் உருண்டிருக்கிறது. பின்சக்கரம் ஓரச்சுவரில் முட்டி நின்றதாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். அத்தையின் உடம்பு மட்டும் மறக்கவில்லை. ஆவணியில் திரும்பிப் போக பஸ்ஸில் உட்கார்ந்தவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, இதோ செத்துவிடப் போகிறோம் என்றே தோன்றியிருக்கிறது. முதல் வளைவு வருவதற்குள் கத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்ததுமே வந்துவிட்டது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். "வேண்டாம் சாமி, நாளைக்குப் போய்க்கலாம்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் பாசமாக இறக்கிக் கூட்டிவந்தார். அந்தப் பாசத்தைத் தின்றே பயம் கொழுத்தது. பாவம், புருஷனைப் பிடித்திருக்கிறது, பஸ்தான் ஆகவில்லை என்று அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசியில் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா நன்றாகச் சோதித்துவிட்டுச் சொன்னாராம்: "இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. நீ நடிக்கவும் இல்ல. பயத்தால வர்ற நோய் இது. வரும்போது உசுரு போற மாதிரி இருக்கும், ஆனா போகாது. ஏறுன பயம் தானா இறங்கும்மா. அது இறங்கறதுக்குள்ள நீ பஸ்ஸ விட்டு இறங்கிடறே."

ஒரு வளைவு பழகினால் அடுத்த வளைவு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகச் சொன்னார். நெஞ்சு அடிக்கும்போது சுடுகாப்பியை ஆற்றுவதுபோல் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் மாத்திரை இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாராம்.

ஆனால் புதுப்பெண் ஒருத்தி பஸ்ஸேறிப் பாதி வழியில் இறங்கித் திரும்பிக்கொண்டிருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அங்கேதான் அம்மாவின் மூளை வேலை செய்தது. "என்ற புள்ளைக்குப் பஸ்ஸுன்னா நொம்பப் பயமுங்க. அத்தைக்காரி கூட்டிட்டுப் போயிப் பழக்கி உடறா" என்று கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

"எனக்கெங்கம்மா பயம்?" என்று குதித்தேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு, சும்மா இரு" என்றாள். அத்தை ஆரஞ்சு வாங்கித் தருவதாகச் சொன்னதால் சும்மா இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிளம்புவோம். அத்தை ஜன்னலோரம், பக்கத்தில் நான். "ஊது கண்ணு" என்பாள். இல்லாத காப்பியை இருவரும் ஊதிக்கொண்டே போவோம். எனக்காகத்தான் அவளும் ஊதுகிறாள் என்று நினைத்தேன். முன்சீட்டு அம்மாள் எலுமிச்சம்பழத்தை என் மூக்கிலேயே வைத்துத் தேய்ப்பாள். "இந்த வீராப்பெல்லாம் விசிலு ஊதறதுலதானா அம்மிணி?" என்று கண்டக்டர் சிரிப்பார். அழுகை அழுகையாக வரும். ஒரு வளைவில் இறங்கி, ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டு, மேலே வரும் பஸ்ஸில் திரும்புவோம். இறங்கும்போதெல்லாம் அத்தை பிடித்திருந்த என் உள்ளங்கை நனைந்திருக்கும். பாவாடையில் துடைத்துக்கொள்வேன். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமலே எனக்குள் பயம் இருக்கிறதோ?

அடிவாரம் வரைக்கும் போன நாளில் அப்பாவும் பின்சீட்டில் வந்தார். பாதி மலை இறங்கியபோது எதிரே லாரி ஏறி வர, எங்கள் பஸ் பின்னால் நகர்ந்தது. யாரோ "பாத்து, பாத்து" என்று கூவினார்கள். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. என் விரல்கள் நொறுங்குவதுபோல் வலித்தன. வலி தாளாமல் நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

கண்டக்டர் ஓடிவந்தார். "ஏனுங்க, புள்ள பயந்துக்கிச்சாட்ட இருக்குது. இறங்கிக்கறீங்களா?"

அப்பா எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லி அத்தை கையைக் காட்டினாள். நீளமாக ஊதினாள். இன்னொரு தரம் ஊதினாள். "வேண்டாமுங்க" என்றாள். "பயம் வந்தா வந்துட்டுப் போவட்டும். நாங்க உக்காந்தே இருக்கறோம்."

லாரி கடந்து போனது. பஸ் இறங்கியது.

அடிவாரத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பா முன்னாடியே சொல்லி அனுப்பியிருப்பார் போல.

"நீ வரமாட்டேன்னே நெனச்சுட்டேன்" என்றார் அத்தையிடம்.

"எனக்கு வரணும்னுதானுங்க இருந்துச்சு. வழிதான் உடல" என்று சொல்லி, நடுரோட்டில் அத்தை அழுதாள், உடனே சிரித்தாள். என்னைத் தூக்கி அவள் முத்தம் கொடுத்ததில் என் கன்னமெல்லாம் ஈரம்.

அவர்கள் சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் அப்பாவோடு மலையேறினேன். வளைவுக்கு வளைவு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒண்டிக்கடை வந்து சேரும்வரை அது காய்ந்தே இருந்தது.

வீட்டுக்குள் ஓடி, அம்மாவின் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டினேன். "எனக்குப் பயம் போயிடுச்சும்மா!"

அம்மா அந்தக் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடியும் நனைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.